பதினோராவது வால்

நிறுத்து அத்தைக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு பூனையால்.

அதற்கு முன் தெருவில் அவளைத் திரைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். ஜன்னல் திரை, கதவுத் திரை, பள்ளிக்கூட மேடைத் திரை, எதுவானாலும் அவளிடம்தான் வரும். நாலு பேர் பிறந்த வீடு அது. மூத்தவள் பெரியக்கா, அவளும் தையல்தான், ஆனால் சட்டைக்காரி. அடுத்தவள் இவள். மூன்றாமவள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். வருஷத்துக்கு இரண்டு போன், இரண்டிலும் அழுகை. கடைசி, தம்பி, அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். பஸ் டிரைவராக இருந்த கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, அத்தை தன் தையல் மிஷினோடு தம்பி வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளை கிடையாது. தம்பி மனைவிக்கும் அவளுக்கும் காலையில் ஒத்துப்போகாது, மத்தியானத்துக்குள் ஒத்துப்போய்விடும்.

தம்பிக்கு ஒரே மகள். கையும் காலும் குச்சி குச்சியாக இருப்பாள் என்பதால் குருவி என்று கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. இந்தக் குருவி பதிமூன்று வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து அப்பனிடம் கையெழுத்துக் கேட்டாள். இளைஞர் சங்கத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சியாம். அப்பன் பாதி தூக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அம்மாக்காரி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. படிக்கிற பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புகிற வீடு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் மாதம் பிள்ளையோடு வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார வேண்டும் என்பது சங்கத்துச் சட்டம். அப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அம்மா வாசல்படி மிதிக்க மாட்டேன் என்றாள். மிச்சம் யார்? அத்தைதான். மடிப்புத் தையல் போட வேண்டிய இரண்டு திரைகளைப் பையில் திணித்துக்கொண்டு புறப்பட்டாள்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய டயர் கிடங்கு. அதைத்தான் சுத்தம் செய்து பயிற்சிக் கூடமாக்கியிருந்தார்கள். தரையில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளிச் சுவரோரம் பத்து இரும்புப் பெட்டிகள், ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு இலக்கு அட்டை. மூலையில் இரண்டு பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி. ஒரு சாவி மாஸ்டரிடம், இன்னொன்று சங்கத்துச் செயலாளரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் அலமாரி திறக்கும். உள்ளே பத்து காற்றுத் துப்பாக்கிகள். பிள்ளைகள் எல்லோர் கண்ணுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. பின்னால் பெரியவர்களுக்கு ஒரு பெஞ்சு.

பெஞ்சில் உட்கார்ந்த அத்தைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காது கிழியும் என்று பஞ்சு கொண்டுவந்திருந்தாள். சத்தமோ, பலகையில் கரண்டி விழுந்த மாதிரி ஒரு டப்பு. அதுவும் எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் பிள்ளைகள் துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்தார்கள், கீழே வைத்தார்கள், பின்னால் நகர்ந்து கை கட்டி நின்றார்கள், மறுபடி வந்தார்கள், மறுபடி கீழே வைத்தார்கள். வீட்டுக்குப் போனதும் தம்பியிடம் கேட்டாள்:

"ஏண்டா, இவங்க சுடக் கத்துக் குடுக்குறாங்களா, சுடாம இருக்கக் கத்துக் குடுக்குறாங்களா?"

தம்பிக்கும் தெரியவில்லை.

மூன்றாவது ஞாயிறு அந்தப் பூனை வந்தது. டிப்போவில் திரிகிற பழுப்புப் பூனை, ஏதோ சந்து வழியாக நுழைந்து, சுவரோரமாக இரும்புப் பெட்டிகளின் மேலேயே நடந்து வந்தது. பத்துப் பிள்ளைகளும் குறி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தை ஊசியும் துணியுமாக எழுந்து, "நிறுத்து" என்று கத்திவிட்டாள்.

பத்துத் துப்பாக்கியும் திறந்தபடி தரைக்குப் போயின. பத்துப் பிள்ளைகளும் ஒரே அடியாகப் பின்னால் நகர்ந்து கை கட்டினார்கள். பூனை உட்கார்ந்து பாதத்தை நக்கியது.

அத்தை திகைத்து நின்றாள். ஐம்பத்தாறு வருஷத்தில் அவள் சொல்லி நின்றது தையல் மிஷின் ஒன்றுதான், அதுவும் காலை எடுத்தால்தான் நிற்கும். புருஷன் நின்றதில்லை, தம்பி நின்றதில்லை, தம்பி மனைவியின் வாய் நின்றதேயில்லை. இப்போது பத்துப் பேர் நிற்கிறார்கள். எதையோ கெடுத்துவிட்டோம், திட்டு விழப்போகிறது என்று பயந்துபோய் மாஸ்டரைப் பார்த்தாள்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே வந்தார். இந்தக் கூடத்துக்குள் அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சின்னப் பிள்ளைகூடச் சொல்லலாம், சொன்னால் முதலில் துப்பாக்கி கீழே, அப்புறம்தான் ஏன் எதற்கு என்கிற கேள்வி என்று விளக்கினார். சொன்னவரை யாரும் திட்டவும் கூடாதாம்.

"தப்பாச் சொல்லிட்டாலுமா?" என்று கேட்டாள் அத்தை.

"தப்பாச் சொன்னாலும்தான்க்கா. ஒரு தடவை திட்டிட்டா, அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டாங்கல்ல."

அவளுக்கு அது விசித்திரமாக இருந்தது. தப்பாகச் சொன்னாலும் திட்டு கிடையாது என்கிற இடத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. அந்த மாதம் முடிந்தும் அவள் போவது நிற்கவில்லை. மாஸ்டரும் அவள் குரலை விடவில்லை. கோடு பார்க்கிற வேலையை அவளிடமே கொடுத்துவிட்டார். துப்பாக்கியை அவள் தொட வேண்டியதில்லை. எண்ணினால் போதும்.

எண்ண வேண்டியது வால்களை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குழாய்க்குள் ஒரு கயிற்றைச் செருகி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிகிற மாதிரி விட வேண்டும். இரண்டு நுனியும் தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று அர்த்தம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கயிறுகள் ஒடிந்துபோனதும், அத்தையே திரை இழுக்கிற ஆரஞ்சுக் கயிற்றை வெட்டி, நுனியை மெழுகுவத்தியில் காட்டி உருக்கி, பத்து செய்து கொடுத்தாள். துப்பாக்கிக்கு வெளியே தொங்குவதால் பிள்ளைகள் அதற்கு வால் என்று பெயர் வைத்தார்கள்.

சுடுவதற்கு முன்னால் அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவோடு வரிசையில் நடந்து வால்களை வாங்குவாள். சுட்டு முடிந்ததும் திருப்பிக் கொடுப்பாள். பிள்ளைகள் செருகியதும் மறுபடி நடந்து எண்ணுவாள். பத்துத் துப்பாக்கியில் பத்து வால், டப்பா காலி. அப்போதுதான் "போகலாம்" என்பாள். அந்தச் சொல் வராமல் ஒருவரும் சிவப்புக் கோட்டைத் தாண்டி அட்டை எடுக்கப் போகக் கூடாது. இப்படி மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல், அவள் எண்ணிக்கை ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

இந்த மூன்று வருஷத்துக்குள்தான் பெரியக்காவின் கதையும் நடந்து முடிந்தது. அது தொடங்கியபோது யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் பெரியக்கா ஒரு சட்டைக்கு மூன்று கை வெட்டி வைத்திருந்தாள். வீடே சிரித்தது. மூன்றாவது கை யாருக்கு, மாமா பாக்கெட்டில் கை விடவா என்று தம்பி கேலி பண்ணினான். பெரியக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஒன்றரை வருஷத்தில், நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய கணவரைப் பார்த்து, நீங்க யார் வீட்டுப் பிள்ளை, சாப்பிட்டீங்களா என்று மரியாதையாக விசாரிக்கிற நிலைக்கு வந்தாள். கடைசிவரை அவரை நல்ல விருந்தாளியாகத்தான் நடத்தினாள். அவர்தான் பாவம், தினமும் புதிதாக அறிமுகமானார்.

அதிலிருந்து அத்தைக்கு மனதுக்குள் ஒரு முள். கத்தரிக்கோலை வைத்த இடம் மறந்தால் முள் குத்தும். அடுப்பை அணைத்தோமா என்று படியிறங்கிப் போய்ப் பார்த்தால் குத்தும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோடு பார்க்கிற வேலையைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கத்தான் வேண்டும், பத்துப் பிள்ளைகள் விஷயம் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. வார நாளெல்லாம் திரை தைத்தாலும், அவள் வாரம் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தது.

பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு போட்டி வைத்த நாளில் விஷயம் வெளியே வந்தது.

இங்கிருந்து ஐந்து பிள்ளைகள், அங்கிருந்து ஐந்து. துப்பாக்கிகள் இந்தச் சங்கத்துடையவை. அவர்களோடு ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். கழுத்தில் விசில், கையில் கடிகாரம், இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். பெஞ்சில் இடமில்லை. அதிசயமாகத் தம்பி மனைவியும் வந்து, மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது. துப்பாக்கிகள் திறந்து கீழே போயின. அத்தை வால்களைக் கொடுத்தாள், பிள்ளைகள் செருகினார்கள். அத்தை நடந்து எண்ணினாள். பத்து. சரி என்று டப்பாவைப் பார்த்தாள்.

டப்பாவில் ஒரு வால் கிடந்தது.

மூடியை மூடித் திறந்தாள், போய்விடும் என்பதுபோல. கிடந்தது. மறுபடி வரிசையில் நடந்தாள். ஒவ்வொரு துப்பாக்கியிலும் இந்தப் பக்கம் நுனி, அந்தப் பக்கம் நுனி. பத்துதான். டப்பாவில் ஒன்று. அவள் செய்தது பத்து. அவள் வாங்கியது பத்து. வாங்கும்போது டப்பா காலியாக இருந்ததா? இருந்தது. இருந்ததா? பார்த்தேன் என்று நினைத்தாள். பார்த்த ஞாபகம் இந்த ஞாயிற்றுக்கிழமையுடையதா, போன ஞாயிற்றுக்கிழமையுடையதா என்று யோசித்தபோது எல்லா ஞாயிறும் ஒரே மாதிரி வந்து நின்றன.

குறைந்திருந்தால்கூட இப்படிக் கலங்கியிருக்க மாட்டாள். குறைந்தால் தேடலாம். கூடுதலாக ஒன்று இருந்தால் எதைத் தேடுவது? மூன்றாவது கை கண்முன் வந்து நின்றது.

பத்துப் பிள்ளைகளும் "போகலாம்" என்கிற சொல்லுக்காக அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் கை தானாக டப்பாவுக்குள் போயிற்று. அந்த வாலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. கை பாதி வழி வந்தும் விட்டது. அங்கேயே நின்றது.

"நிறுத்து" என்றாள்.

எல்லோரும் குழம்பிப்போனார்கள். நிறுத்த அங்கே எதுவும் இல்லை. துப்பாக்கிகள் ஏற்கெனவே தரையில், பிள்ளைகள் ஏற்கெனவே பின்னால். இருந்தாலும் பழக்கத்தில் இன்னும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

மாஸ்டர் வந்து டப்பாவைப் பார்த்தார். அவருக்கும் முகம் மாறிற்று. காரணம் இருந்தது. நாலு மாதம் முன்பு, இந்தப் பத்தில் சேராத, ஸ்பிரிங் ஒடிந்த ஒரு பழைய துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் போயிருந்தது. மிச்சமிருந்த ஆரஞ்சுக் கயிற்றில் மாஸ்டர் அதற்கு வெட்டிய வாலும் அதோடு போயிருந்தது. வால் திரும்பி வந்திருக்கிறது என்றால் துப்பாக்கியும் எங்காவது வந்து கிடக்கிறதா? வாலில்லாமல் ஒரு துப்பாக்கி இந்தக் கூடத்துக்குள் எங்காவது இருக்கிறதா? ரிப்பேர்க்காரருக்கு போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, எடுக்கவில்லை.

விசில் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். கூடுதலாகத்தானே இருக்கிறது, குறையவில்லையே, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டார். வேன் திரும்ப நேரமாகிறது என்றார். கூடுதலாக இருப்பதுதான் பயம் என்றால் யாருக்குப் புரியும்?

அலமாரியைத் துழாவினார்கள். பெஞ்சுக்கு அடியில், பைகளில், வந்தவர்களின் வேனில், பழைய டயர் அடுக்கிய மூலையில், எல்லா இடத்திலும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அந்த நேரத்தில்தான் குருவி கையைத் தூக்கினாள்.

"அத்தை, அது நீங்க செஞ்சதுதான். போன வாரம். போட்டிக்கு ஒண்ணு கூட இருக்கட்டும்னு சொன்னீங்க. நான்தான் நுனியை உருக்குனேன், நான்தான் டப்பாவுல போட்டேன்."

கூடத்தில் ஒரு பெருமூச்சு. மாஸ்டர் நெற்றியைத் துடைத்தார். விசில் டீச்சர் விசிலை வாய்வரை கொண்டுபோனார்.

அத்தைக்கு மட்டும் மூச்சு வரவில்லை. போன வாரமா? மெழுகுவத்தியா? நைலான் கருகினால் மூக்கைத் துளைக்கிற நாற்றம் வருமே, அதுகூடவா மறக்கும்? தேடித் தேடிப் பார்த்தாள், உள்ளே ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது இன்னொரு நினைப்பு வந்தது. இந்தப் பெண் இரண்டாவது சுற்றுக்காகத் துடித்துக்கொண்டிருக்கிறாள். ஆட்டம் நின்றுபோய்விடக் கூடாதென்று கதை கட்டுகிறாளோ? கட்டினால் கோட்டில் நின்று பொய் சொல்கிறாள் என்று ஆகிறது; வளர்த்த பிள்ளை இப்படியா என்று ஆகிறது. கட்டவில்லை என்றால் பெரியக்காவின் வழியில் கால் வைத்தாயிற்று என்று ஆகிறது. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? அவளுக்கே தெரியவில்லை. ஒரு நொடி, பிள்ளை பொய் சொல்லியிருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். உடனே தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

குருவியைக் கோட்டருகே கூப்பிட்டாள்.

"நெஜமாச் சொல்றியா?"

"நெஜமாத்தான்."

"எனக்கு ஞாபகமே இல்லையே. எப்படி நம்புறது?"

குருவி சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சிலிருந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு அத்தையின் காதருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அன்னிக்கு நீங்க என்னைப் பெரியக்கான்னு கூப்பிட்டீங்க. மெழுகுவத்தியை இப்படிக் காட்டு, அக்கான்னீங்க. ரெண்டு தடவை. நான் யார்கிட்டயும் சொல்லல."

அத்தை அந்தக் குச்சிக் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை ஒரு பிள்ளை கற்பனை பண்ணாது. ஒரு வாரமாக இதைச் சுமந்துகொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பூனைக்குக் கத்திய அதே குரலில் சொன்னாள்:

"வால் நான் செஞ்சதுதான். எனக்கு ஞாபகம் இல்ல. மறந்துட்டேன். அதனால நான் எண்ணினதை நம்பிப் போக வேண்டாம். மாஸ்டர், ஒவ்வொரு குழாயா வெளிச்சத்துல பாருங்க. பாத்தப்புறம் போகட்டும்."

விசில் டீச்சரே கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, மாஸ்டரோடு மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வாலாக உருவி, ஒவ்வொரு குழாயாகக் கண் வைத்துப் பார்த்தார்கள். பத்தும் சுத்தம். வால்களை மறுபடி செருகினார்கள். "போகலாம்" என்று மாஸ்டர்தான் சொன்னார். அட்டை மாற்றி, இரண்டாவது சுற்றும் நடந்தது. குருவி நான்காவதாக வந்தாள். தம்பி மனைவி மட்டும் அன்று முழுக்க அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரிப்பேர்க்காரர் போன் பண்ணினார். பழைய துப்பாக்கி அவர் மேஜையில்தான் பிரிந்து கிடக்கிறதாம், வால் ஆணியில் தொங்குகிறதாம். ஆக, குருவி சொன்னது உண்மை.

அத்தை டாக்டரிடம் போனாள். தம்பிதான் கூட்டிப் போனான். டாக்டர் அவளை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். உலகத்தில் யார் இப்படி எண்ணுகிறார்கள் என்று அத்தை திருப்பிக் கேட்டாள். வயசுக் கோளாறாக இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். போகும்போது இருந்த குழப்பம், திரும்பும்போது மருந்துச் சீட்டோடு வந்தது.

அங்கிருந்து நேரே மாஸ்டர் வீட்டுக்குப் போய், இனி கோடு வேண்டாம் என்றாள். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். சட்டத்தில் இதற்கு என்ன எழுதியிருக்கிறதென்று அவருக்கும் தெரியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். கடைசியில், மறந்துவிட்டேன் என்று கோட்டில் நின்று சொல்கிற ஆள் தனக்கு வேறு யாரும் இல்லை என்றார். அப்படியானால் கூட இன்னொருவர் எண்ண வேண்டும், தனியாக எண்ண வேண்டும், இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் பிள்ளைகள் போக வேண்டும் என்று அத்தை சொன்னாள். இரண்டாவது ஆள் யார் என்று மாஸ்டர் கேட்டார்.

பதில் வீட்டில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் வரேன். உங்க வாய்க்கு ஈடு குடுக்க வேற யாரால முடியும்?"

"உனக்குத் துப்பாக்கின்னா ஆகாதே?"

"இப்பவும் ஆகாது. அதனாலதான் நல்லா எண்ணுவேன்."

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வரிசையில் நடந்தார்கள், முன்னால் தம்பி மனைவி, பின்னால் அத்தை. முதல் சுற்று முடிந்து வால்கள் செருகியாயிற்று. டப்பா காலி. தம்பி மனைவி கடைசித் துப்பாக்கியருகே நின்று, "பத்து" என்றாள்.

"பத்து" என்றாள் அத்தை.

பிள்ளைகள் காலைத் தூக்கத் தயாரானார்கள். தம்பி மனைவி நகரவில்லை. அத்தையின் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணி, எண்ணிச் சொன்னீங்களா, நான் சொன்னதைக் கேட்டுச் சொன்னீங்களா?"

அத்தை யோசித்தாள். நடந்தது உண்மை. ஒவ்வொரு வாலையும் பார்த்ததும் உண்மை. ஆனால் பத்து என்கிற சொல் கண்ணிலிருந்து வந்ததா, காதிலிருந்து வந்ததா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"தெரியல" என்றாள்.

"சரி. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கிறேன். நீங்க முதல்ல சொல்லுங்க."

பத்துப் பிள்ளைகளும் சேர்ந்து முனகினார்கள். குருவியின் முனகல்தான் எல்லாவற்றிலும் பலமாகக் கேட்டது. ஆனால் சிவப்புக் கோட்டின் மேல் ஒரு செருப்பு நுனிகூட வரவில்லை. தம்பி மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை இந்த முறை கடைசித் துப்பாக்கியிலிருந்து, எதிர்ப்பக்கமாக, ஒவ்வொன்றின் முன்னும் நின்று நின்று எண்ணத் தொடங்கினாள்.